ஆர்ப்பாட்டத்தில் பிடித்துப் போனவரை "இங்கே இல்லை" என்கிறார்கள்: முதல் 24 மணி நேரத்தில் குடும்பம் செய்ய வேண்டியது

கேள்வி கேட்ட சகோதரி எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். பெங்களூரில் ஃப்ரீடம் பார்க்குக்கு வெளியே நடந்த ஆர்ப்பாட்டத்தில் மதியம் மூன்றரை வாக்கில் தம்பியை மற்றவர்களோடு பி.எம்.டி.சி. பஸ்ஸில் ஏற்றிப் போனார்கள். இரண்டு ஸ்டேஷனில் கேட்டாயிற்று, இரண்டிலும் "இங்கே இல்லை" என்ற பதில்தான். இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு எஸ்.ஐ. போன் செய்து 63 வயது அப்பாவை ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார். வீட்டில் யாருக்கும் கன்னடம் படிக்கத் தெரியாது. மனித உரிமை மீறல் என்று எங்கே புகார் கொடுப்பது என்று கேட்கிறார். புகார் கொடுக்கும் இடம் நாளைக்கும் திறந்திருக்கும், அதைக் கடைசியில் சொல்கிறேன். தம்பி எத்தனை மணியிலிருந்து போலீஸ் கையில் இருக்கிறார் என்பதை இன்று ராத்திரியே எழுத்தில் ஏற்றாவிட்டால், பிறகு எங்கே போய்ப் புகார் கொடுத்தாலும் அது நிற்காது. அதனால் அந்த வேலையைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் அப்பா. போக வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக இருப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அதன் 179ஆம் பிரிவில்தான், விவரம் தெரிந்தவர் என்று ஒருவரை எழுத்து மூலம் அழைத்து விசாரிக்கும் அதிகாரம் போலீசுக்கு இருக்கிறது. அதே பிரிவில், 60 வயதுக்கு மேற்பட்ட ஆண், 15 வயதுக்குட்பட்ட ஆண், எந்த வயதுப் பெண்ணும், மாற்றுத்திறனாளி, கடும் நோயில் இருப்பவர் ஆகியோரை அவர்கள் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது என்றும் இருக்கிறது. தெரிந்தே மீறி வரவழைக்கும் அதிகாரிக்கு, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 199இன்படி ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு வருஷம் வரை கடுங்காவல் உண்டு. ஆனால் புதிய சட்டத்தில் ஒரு சின்ன வால் சேர்த்திருக்கிறார்கள்: அவராக விரும்பி வந்தால் அனுமதிக்கலாம். ஆகவே அப்பா ஒரு தடவை படியேறிவிட்டால் "தானாக வந்தார்" என்று எழுதிவிடுவார்கள், அத்தோடு அந்தப் பாதுகாப்பு போயிற்று. போனில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அப்பாவுக்கு 63 வயசு சார், நோட்டீஸ் கொடுங்க, வீட்டுக்கு வந்து கேளுங்க, பதில் சொல்றோம்." பிரிவு நம்பரைச் சொல்லி மிரட்ட வேண்டாம். சொன்னதையே உடனே அந்த நம்பருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிவிடுங்கள். மகன் வரும் வரை அப்பாவை உட்கார வைப்பது என்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை, அது அடைத்து வைத்த குற்றம். இதே காரணத்தால் நீங்களும் தனியாகப் போகாதீர்கள். போய்த்தான் தீர வேண்டும் என்றால் வக்கீலோ, 60 வயதுக்குட்பட்ட ஆண் உறவினர் இருவரோ போகட்டும், ஒருவர் உள்ளே, ஒருவர் வாசலில்.

அடுத்து, தம்பியை எந்த வகைக் கைது என்ற பெட்டியில் போட்டிருக்கிறார்கள் என்று ஊகிக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் கதவு வேறு. ஆர்ப்பாட்டத்தில் பஸ்ஸில் ஏற்றுவது பெரும்பாலும் முன்னெச்சரிக்கைக் கைதாக இருக்கும். புதிய நடைமுறைச் சட்டத்தின் (இனி வெறும் எண்ணாகச் சொல்லும் பிரிவுகளும் இதனுடையவைதான்) 170ஆம் பிரிவில் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. போலீஸ் உத்தரவுக்குப் பணியாதவரை அப்புறப்படுத்தும் 172ஆம் பிரிவிலும், சில்லறை விஷயமானால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிட வேண்டும். இவர்களை ஸ்டேஷனுக்கே கொண்டு போகாமல் ஆயுதப்படை மைதானத்திலோ சமுதாயக் கூடத்திலோ இறக்கி, பெயர் விலாசம் எழுதிக்கொண்டு சாயங்காலம் விட்டுவிடுவதுதான் வழக்கம். நீங்கள் கேட்ட ஸ்டேஷன்களில் "இங்கே இல்லை" என்று சொன்னது உண்மையாகவே இருக்கலாம். இரண்டாவது பெட்டி, சட்டவிரோதக் கூட்டம், தடையுத்தரவை மீறியது போன்ற ஜாமீனில் விடக்கூடிய பிரிவுகள். இதில் ஸ்டேஷனிலேயே ஜாமீன் தர வேண்டும், அது உரிமை. மூன்றாவது, பொது ஊழியரைத் தாக்கியதாகச் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதா 132, பொதுச் சொத்துச் சேதம் ஆகியவை. இவை ஸ்டேஷனிலேயே ஜாமீனில் விட முடியாதவை, ரிமாண்டுக்கு, அதாவது மாஜிஸ்திரேட் உத்தரவில் காவலில் வைப்பதற்குப் போகும். ராத்திரி ஒன்பது வரை விடவில்லை, அப்பாவையும் கூப்பிடுகிறார்கள் என்றால் மூன்றாவதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆனால் 132க்கு அதிகபட்சத் தண்டனையே இரண்டு வருஷம். ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது செய்யக் காரணம் எழுத வேண்டும், இல்லாவிட்டால் இப்போதைய 35(3) நோட்டீஸ் கொடுத்து வரவழைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் சொன்னது இங்கே பொருந்தும். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025இல் சொல்லியிருக்கிறார்கள். நான்காவது பெட்டி ஊபாவும் (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) தேசியப் பாதுகாப்புச் சட்டமும். ஊபாவில் போலீஸ் காவலே 30 நாள் வரை, குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் வரை போகலாம். தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் 24 மணி நேர விதியே பொருந்தாது. அந்த நிலை வந்தால் இந்தப் பதில் போதாது, உடனே உயர் நீதிமன்ற வக்கீலிடம் போங்கள்.

ஃப்ரீடம் பார்க்குக்கு வெளியே கூடியதே தப்பு, அதனால் எதுவும் கேட்க முடியாது என்று ஸ்டேஷனில் சொல்வார்கள். நகரத்தில் போராட்டத்துக்கு அந்த ஒரே இடம் என்ற உத்தரவு 2022 முதல் இருப்பது உண்மைதான். கூட்டம் சட்டப்படியானதா என்பது தனிச் சண்டை. 2019 டிசம்பரில் நகரம் முழுக்கப் போட்ட 144 தடையுத்தரவே செல்லாது என்று 2020 பிப்ரவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதற்குள் பிடிபட்டவர்கள் பிடிபட்டு, வந்தவர்கள் வந்தாயிற்று. கூட்டம் சட்டவிரோதமாகவே இருந்தாலும் காவலில் இருப்பவரின் உரிமை ஒரு இழைகூடக் குறையாது.

இனி மணிக் கணக்கு. அரசியல் சாசனம் 22(2)உம் புதிய சட்டத்தின் 58ஆம் பிரிவும் ஒன்றையே சொல்கின்றன: கைதான 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் போக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கோளாறு "கைதான" என்ற சொல்லில்தான் இருக்கிறது. இன்று மூன்றரைக்குப் பிடித்தவரை ராத்திரி முழுக்க "விசாரணைக்குக் கூட்டிவந்தோம்" என்று வைத்திருந்து, நாளைக் காலை பத்து மணிக்குக் கைது செய்ததாக மெமோ எழுதினால் காகிதத்தில் எல்லாம் சுத்தமாக இருக்கும். நடுவில் உள்ள பதினெட்டரை மணி நேரம் எந்தப் பதிவிலும் இராது. அடி விழுவதும், கையெழுத்து வாங்குவதும், போனைத் திறக்க வைப்பதும் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். ஒருவர் நடமாட்டத்தை எப்போது தடுத்தார்களோ அப்போதே கைது தொடங்கிவிட்டது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் உட்படச் சில நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. சட்டம் நம் பக்கம்தான். ஆனால் மூன்றரைக்கே பிடித்தார்கள் என்று காட்டுவது குடும்பத்தின் வேலை.

முன்பு இதற்குத் தந்தி இருந்தது. வீட்டிலிருந்து யாராவது ஓடிப் போய் கமிஷனருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் ஒரு தந்தி அடிப்பார்கள், தபால் முத்திரையில் உள்ள மணிதான் பிறகு கோர்ட்டில் பேசும். 2013 ஜூலையில் தந்தி சேவையை மூடினார்கள். இப்போது அந்த இடத்தில் இரண்டு இருக்கின்றன. ஒன்று, 112க்கு போன் செய்து "இன்னாரை இத்தனை மணிக்கு இந்த இடத்திலிருந்து போலீஸ் ஏற்றிப் போனது, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை" என்று சொல்லி, அவர்கள் தரும் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்வது. இரண்டு, போலீஸ் கமிஷனர், அந்தப் பகுதி டி.சி.பி. (துணைக் கமிஷனர்), மாநில மனித உரிமை ஆணையம் மூவருக்கும் ஒரே மின்னஞ்சல், வக்கீலுக்கு நகல். அதில் இருக்க வேண்டியவை: பெயர், வயது, உடுப்பின் நிறம், பிடித்த இடமும் மணியும், பஸ் நம்பர் தெரிந்தால் அது, நேரில் பார்த்தவர் யார், எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்குக் கேட்டு என்ன பதில் வந்தது, சர்க்கரை, வலிப்பு, ஆஸ்துமா இருந்தால் என்ன மாத்திரை, அப்பாவை அழைத்த நம்பரும் நேரமும். பத்து வரி போதும், ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ. இதில் நிறையப் பேர் செய்யும் தவறு, தெரியாததை எழுதுவது. "அடித்துத் துன்புறுத்துகிறார்கள்" என்று ராத்திரியே எழுதிவிட்டு, மறுநாள் தம்பி "அடிக்கலை, தண்ணிதான் தரலை" என்று சொன்னால் மற்ற எல்லா வரியும் பொய்யாகிவிடும். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். தம்பி 18 வயதுக்குட்பட்டவர் என்றால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். சிறுவரை லாக்கப்பில் வைக்கவே கூடாது, சிறார் நீதி வாரியத்திடம்தான் கொண்டு போக வேண்டும்.

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாவட்டத்திலும் கைதானவர் விவரத்தை வைத்திருக்க ஒரு அதிகாரி இருக்க வேண்டும் என்பது 37ஆம் பிரிவு. ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைவதைவிட நகரக் கன்ட்ரோல் ரூமில் கேட்பது மேல், கேட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் 24 மணி நேரத்தில் போலீஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016 உச்ச நீதிமன்ற உத்தரவு. "சென்சிடிவ்" வழக்கு என்று சொல்லி ஏற்றாமல் இருக்கவும் அதிலேயே வழி உண்டு.

கைது மெமோவைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது இப்போது 36ஆம் பிரிவாகச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு பக்கத் தாள். பெயர், பிரிவுகள், கைது செய்த இடம், தேதி, மணி, உடம்பில் காயம், யாருக்குத் தகவல் சொன்னது, கீழே சாட்சியின் கையெழுத்து. சாட்சி குடும்பத்தில் ஒருவராகவோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவராகவோ இருக்க வேண்டும். பெரும்பாலும் நாளைக் காலை உங்களில் ஒருவரைக் கூப்பிட்டு "இங்கே ஒரு சைன் போடுங்க" என்பார்கள். மணிக் கட்டத்தைப் பாருங்கள். எண்களைப் படிக்கக் கன்னடம் வேண்டியதில்லை. ஆனால் கன்னட இலக்கத்தில் எழுதியிருந்தால் சத்தமாகக் கேளுங்கள். காலை பத்து என்று இருந்தால், கையெழுத்துக்குப் பக்கத்தில் தமிழிலேயே எழுதுங்கள்: "நேற்று மதியம் 3.30 முதல் காவலில். இந்தத் தாள் எனக்குக் காட்டியது இன்று காலை 10.20. எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது, படித்துக் காட்டவில்லை." அப்படி எழுத விடவில்லை என்றால் கையெழுத்துப் போடாமல் வந்து, அதையே உடனே அந்த மூவருக்கும் மின்னஞ்சலில் தெரிவியுங்கள். வெள்ளைத் தாளில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தில் சொன்னவரின் கையெழுத்தே வாங்கக் கூடாது என்று 181ஆம் பிரிவு சொல்கிறது. "ஸ்டேட்மென்ட்டுக்கு சைன்" என்று கேட்டால் கேட்பவருக்கும் அது தெரிந்திருக்கும்.

மொழி விஷயத்தில் சமீபத்தில் ஒரு பெரிய வசதி வந்திருக்கிறது. 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம், எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் தர வேண்டும், உடனே முடியாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் தர வேண்டும் என்றது. தராவிட்டால் கைதும் ரிமாண்டும் செல்லாது. தம்பிக்குத் தமிழ்தான் படிக்க வரும் என்றால் கன்னடத்தில் மட்டும் தந்த தாள் போதாது. இதை வக்கீல் முதல் ரிமாண்டிலேயே எழுப்ப வேண்டும். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்து கன்னடத்தில் பள்ளிப் படிப்பு படித்தவராக இருந்தால் இதைக் கிளப்பாதீர்கள், மற்ற வாதத்தின் மரியாதையும் போய்விடும்.

மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது வாயைத் திறக்க வேண்டியவர் தம்பிதான். ஞாயிற்றுக்கிழமையோ ராத்திரியோ ஆனால் மாஜிஸ்திரேட் வீட்டுக்குக் கொண்டு போவார்கள், வக்கீல் வந்து சேர்வதற்குள் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அதனால் எப்படியாவது அவருக்குச் செய்தி போக வேண்டும்: எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், எங்கே வைத்திருந்தார்கள், அடித்தார்களா, எந்தத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்று நாலு வாக்கியம். தமிழிலேயே சொல்லலாம், மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்கலாம். அதை ஆர்டர் ஷீட்டில், அதாவது கோர்ட்டின் அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்ல வேண்டும். போலீஸ் காவல் கேட்கிறார்கள் என்றால் முதல் தடவை நேரில் நிறுத்தித்தான் ஆக வேண்டும், வீடியோவில் முடியாது. வக்கீல் இல்லை என்றால் 15100க்கு அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987 சட்ட உதவிச் சட்டம். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்றுதான் இருப்பார் என்ற எண்ணம் பரவலாக உண்டு. ரிமாண்ட் வேலையையே தினமும் செய்கிறவர், சொத்து வழக்குப் பார்க்கும் விலையுயர்ந்த வக்கீலைவிட அன்றைக்குப் பயன்படுவார்.

காயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கைதான உடன் டாக்டர் பார்க்க வேண்டும், அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் சொல்பவருக்கோ தர வேண்டும் என்பது 53ஆம் பிரிவு. காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை பரிசோதனை என்பது டி.கே. பாசு விதி. நடப்பில், வாசலில் போலீஸ்காரர் நிற்க, சட்டையைக்கூடக் கழற்றாமல் "புதுக் காயம் இல்லை" என்று எழுதிவிடுவது உண்டு. தம்பி வெளியே வந்ததும் வேறொரு அரசு மருத்துவமனையில், பவுரிங்கோ விக்டோரியாவோ, "போலீஸ் அடித்தது" என்று சொல்லி எம்.எல்.சி. (வழக்குக்கு உதவும் மருத்துவப் பதிவு) போட வையுங்கள். "விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. லத்தி அடி தோலில் தனி அடையாளம் விடும்: நடுவில் வெளுத்து, இருபுறமும் இரண்டு இணைகோடாகச் சிவந்திருக்கும், ரயில் தண்டவாளம் மாதிரி. கீழே விழுந்தால் அப்படி வராது. அதைப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து ஒரு படம், ஆள் முகம் தெரிய ஒரு படம், மூன்றாம் நாள் மறுபடி இரண்டு படம் எடுங்கள், ஏனென்றால் உள்காயம் மெதுவாகத்தான் நிறம் காட்டும். உள்ளங்காலில் அடித்திருந்தால் வெளியே அதிகம் தெரியாது, நடக்கும்போது வலியைச் சொல்லி எழுத வைக்க வேண்டும்.

போன் விஷயம் இன்னும் தெளிவாகவில்லை. கைப்பற்றினால் மகஜர் (கைப்பற்றியதற்கான சாட்சிப் பத்திரம்) எழுதி நகல் தர வேண்டும், 105ஆம் பிரிவின்படி அதை வீடியோ எடுக்கவும் வேண்டும், இதில் சந்தேகமே இல்லை. பாஸ்வேர்டு கேட்டால் தர வேண்டுமா என்பதுதான் சிக்கல். கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல், போலீஸ் நேராகக் கட்டாயப்படுத்த முடியாது, கோர்ட் மூலம் போக வேண்டும் என்றது. அதே தீர்ப்பில் பாஸ்வேர்டு தருவது தனக்கெதிராகச் சாட்சி சொல்வதாகாது என்றும் சொல்லிவிட்டது. டெல்லியில் ஒரு சிறப்பு நீதிமன்றம் வேறு மாதிரி பார்த்தது. "கோர்ட் உத்தரவு இருந்தால் தருகிறேன்" என்பதுதான் இன்றைக்குப் பாதுகாப்பான பதில். வீட்டாரின் போனைக் கேட்டாலும் இதேதான். போன் வாங்கிய பெட்டி இருந்தால் அதில் உள்ள ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை வரை தகவலே இல்லை என்றால், ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனு. பத்தரைக்கு உயர் நீதிமன்றத்தில் வக்கீல் அதை அவசர வழக்காக எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். 112 பதிவும் மின்னஞ்சலும்தான் அதற்கு இணைப்பு. அரசு வக்கீல் கையில் நகல் போனதுமே ஆள் வீட்டுக்கு வந்துவிடுவதோ மாஜிஸ்திரேட் முன் நிற்பதோ பல தடவை நடக்கும். மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்துவிட்டால் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும், அதற்குமேல் ஜாமீன் மனுதான்.

இப்போது நீங்கள் கேட்ட புகார். மாநில மனித உரிமை ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், சம்பவத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். அதையே தேசிய ஆணையத்துக்கும் அனுப்பாதீர்கள். மாநில ஆணையத்தில் நிலுவையில் இருப்பதை அது எடுக்காது, இரண்டு பக்கமும் இழுபறியாகும். இரண்டுமே பரிந்துரைதான் செய்ய முடியும். கர்நாடகத்தில் போலீஸ் புகார் ஆணையமும் உண்டு. அடித்த அதிகாரி மேல் கிரிமினல் வழக்கு என்பது நீண்ட பாதை. அரசின் முன் அனுமதி வேண்டும், 120 நாளில் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி தந்ததாகக் கொள்ள வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. அடிப்பது கடமையில் சேராது, அனுமதி தேவையில்லை என்று வாதிடுவோம். ஆனால் கர்நாடகத்திலிருந்தே போன ஒரு வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், கடமையோடு தொடர்புள்ள அத்துமீறலானாலும் கர்நாடகப் போலீஸ் சட்டம் 170இன்படி அனுமதி வேண்டும் என்றது. இதில் வெற்றி நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இதற்கெல்லாம் அடிப்படை சி.சி.டி.வி. பதிவு. 2020 டிசம்பர் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 18 மாதம் வைத்திருக்க வேண்டும். காகிதத்தில் 18 மாதம், நடப்பில் சில வாரத்தில் அழிந்துவிடலாம். அதனால் முதல் வாரமே வாசல், வராந்தா, லாக்கப், இன்ஸ்பெக்டர் அறை என்று இடம் குறித்து, தேதியும் மணியும் போட்டு, பாதுகாத்து வைக்கச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுங்கள். சமுதாயக் கூடத்தில் வைத்திருந்தால் கேமராவே இராது. அங்கே உடன் இருந்தவர்களின் பெயர்களை இப்போதே சேகரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஜாமீன்தாரர், ஏனென்றால் நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் அது. ஜாமீன் கிடைத்தும் ஆள் பரப்பன அக்ரஹாரா ஜெயிலிலேயே கிடப்பது, உள்ளூர் நிலப் பத்திரம் உள்ள ஆள் கிடைக்காததால்தான். கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ இருக்கும் சித்தப்பாவின் பட்டா செல்லாது என்று சொல்வார்கள். வேறு மாவட்டத்துச் சொத்து என்பதற்காகவே ஜாமீன்தாரரை மறுக்கக் கூடாது என்று 1978இல் மோத்தி ராம் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. பட்டா, சிட்டா, ஆதார், தாசில்தாரின் சொத்து மதிப்புச் சான்று, இரண்டு பாஸ்போர்ட் சைஸ் படம். தாசில்தார் சான்று ஒரே நாளில் கிடைக்காது, எனவே ஊருக்கு இன்றைக்கே போன் போட்டுவிடுங்கள்.